கை நனைக்காத ஊர்

எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், எனக்கு வரவில்லை. அப்பா கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பெருவிரலை உருட்டுவார். அம்மா பஸ்ஸின் நிறத்தைப் பார்த்துத்தான் அது எந்த ஊருக்குப் போகிறது என்று தெரிந்துகொள்வாள். கேரளத்துப் பாலக்காட்டுப் பக்கம், கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோபாலபுரம் போகும் வழியில் எங்கள் தோட்டம். அந்த மண்ணிலிருந்து கிளம்பி ஒரு பெண் பத்தாவது தேறினாள், ஆசிரியப் பயிற்சி முடித்தாள், தேர்வாணையத்தின் பட்டியலில் பெயர் வாங்கினாள். இடுக்கி ஜில்லாவில், சின்னக்கானல் பக்கம் தேயிலை எஸ்டேட்டுக்குள் இருக்கும் தமிழ்ப் பள்ளிக்கு அவளுக்கு வேலை உத்தரவு வந்தது. அந்தப் பெண் நான்தான் என்பதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

மாதம் முடிவதற்குள் போய்ச் சேராவிட்டால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும். அப்பாவின் பங்காளிகள் வந்து கட்டிலில் உட்கார்ந்து பேசினார்கள். சோற்றுக்கா பஞ்சம், வயசுப் பெண்ணை மலைமேல் கொண்டுபோய் விடுவதா, வரன் தேடுகிறவன் என்ன நினைப்பான் என்றெல்லாம் கேட்டார்கள். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றார். அவ்வளவுதான். சரி என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. என் படிப்பு முழுவதும் அந்த ஒரு வார்த்தைக்குக் காத்து நின்றது.

எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளையின் ஊருக்குப் போவார்கள். கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், மாட்டுக் கொட்டகையைப் பார்ப்பார்கள், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். ஆனால் பேச்சு முடியும்வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். குடித்துவிட்டால் சம்மதம் என்று பொருள்; அதற்குப் பிறகு மறுத்துப் பேச வாய் வராது. சம்மதம் இல்லையென்றால் வெறும் வயிற்றோடு கும்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். யாருக்கும் மனக்குறை இல்லை.

கிளம்பும் நாள் விடியலில் அம்மா புளிச்சோறு கட்டிக்கொண்டிருந்தாள். அப்பா தன் கையாலேயே கிணற்றில் தண்ணீர் சேந்தி மூடி போட்ட இரண்டு பெரிய தூக்குப்போசிகளில் நிரப்பினார். அங்கேயும் தண்ணீர் இருக்குமே என்றேன்.

“இருக்குமம்மிணி. முடிவு பண்ணாத ஊர்ல குடிக்கக் கூடாது. உனக்கும் சேத்துத்தான்.”

எனக்குக் கோபம் வந்தது. கூடவே ஒரு பெருமையும் வந்தது. எங்கள் ஊரில் எந்தப் பெண்ணின் வேலைக்காகவும் யாரும் இப்படிப் போசியில் தண்ணீர் நிரப்பியதில்லை.

பொள்ளாச்சியில் பஸ் மாறி, உடுமலையில் இன்னொன்றில் ஏறினோம். உடுமலை ஸ்டாண்டில் அப்பா டீ வாங்கி நின்று நிதானமாகக் குடித்தார். எனக்கும் வாங்கிக் கொடுத்தார். இனிமேல் கிடையாது என்பதுபோலக் கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். சின்னாறு செக்போஸ்ட்டைத் தாண்டியதும் விரதம் தொடங்கியது. மறையூர் சந்தனக்காடு வந்தபோது ஜன்னல் வழியே குளிர் ஏறிற்று. அப்பா துண்டை எடுத்துக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். போசிகளைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டார். வளைவுகளில் அவை ஒன்றோடொன்று மோதிச் சத்தமிட்டன.

மூணாறு பஸ் ஸ்டாண்டில் என் தோழி காத்திருந்தாள். பயிற்சிக் காலத்தில் இரண்டு வருஷம் ஒரே விடுதி அறையில் இருந்தவள். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த பெண். அவள் வீட்டிலும் அவள்தான் முதல் படிப்பு. வேலையில் சேர்ந்தால் நான் அவள் வீட்டில் தங்குவதாகப் பேச்சு. அவளுக்கு அந்த ஊர் தன் சொந்த வீட்டுக் கூடம் மாதிரி. வந்ததும் வராததுமாக எங்களை டீக்கடைக்கு இழுத்தாள். அப்பா வேண்டாம் என்றார். நானும் வேண்டாம் என்றேன். தேயிலைக்கென்றே இருக்கிற ஊரில் வந்து டீ வேண்டாம் என்கிற ஆட்களை அவள் பார்த்ததில்லை. மலைப்பாதையில் தலை சுற்றியிருக்கும் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நான் அதைத் திருத்தவில்லை. அப்பா முடிவு செய்யாததை நான் எப்படிச் சொல்வது?

அன்று மாலை ஊரைச் சுற்றிக் காட்டினாள். ஆறுகள் கூடுகிற இடத்தில் நிறுத்தி, ஒரு காலத்தில் இந்த மலைமேல் குட்டி ரயில் ஓடியது, தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து வெள்ளம் தண்டவாளத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது என்றாள். மலையாள ஆண்டுக் கணக்கில் சொல்கிற, வெள்ளைக்காரன் காலத்து அந்த வெள்ளத்தைப் பற்றி எங்கள் பக்கத்திலும் பேச்சு உண்டு. அப்பா ஆற்றைப் பார்த்தார். அது அப்போது வாய்க்கால் அளவுக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. “ரயிலவே கொண்டுட்டுப் போச்சா” என்றார், யாரிடமும் இல்லாமல். எல்லாவற்றையும் நல்லதாகக் காட்டத்தான் தோழி நினைத்தாள். அப்பா ஒவ்வொன்றிலும் வேறு எதையோ கணக்குப் பார்ப்பது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

பிறகு குன்றின்மேல் உள்ள பழைய கல் தேவாலயத்துக்குப் போனோம். கண்ணாடி ஜன்னல்களில் நிறங்கள் தங்கியிருந்தன. அதற்கும் மேலே, புல் மூடிய சரிவில், கல்லறைகள். தேவாலயம் வருவதற்கு முன்பே வந்தது என்று தோழி ஒரு கல்லறையைக் காட்டினாள். கல்யாணமாகி இங்கே வந்த வெள்ளைக்காரப் பெண், வந்த கொஞ்ச நாளிலேயே காலராவில் இறந்துவிட்டாள் என்றாள். இந்தக் குன்று அழகாயிருக்கிறது என்று அவள்தான் முதலில் சொன்னாளாம்.

“கல்லுல என்ன எழுதியிருக்குது, படி” என்றார் அப்பா.

ஆங்கிலம். எழுத்துகளில் பாசி பிடித்திருந்தது. விரலால் துடைத்துவிட்டுப் படித்தேன். யாருடைய மனைவி, என்ன வயசு, என்றைக்கு இறந்தாள் என்பதைத் தமிழில் சொன்னேன். எனக்கு நாலைந்து வயசுதான் மூத்தவள். வயசைச் சொல்லும்போது தோழி என் முழங்கையைத் தொட்டாள். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்பது அவள் எண்ணம். ஆனால் அப்பா வாழ்நாளில் முதல்முறையாக என்னிடம் படி என்று சொன்ன கல் அது. அதைத் தப்பாகப் படிக்க என்னால் முடியாது.

“இவளோட அப்பன்?”

“கடலுக்கு அந்தப் பக்கம் இருந்திருப்பாருங்க.”

அப்பா காதைச் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். பனி இறங்கும்வரை அப்படியே நின்றார். இறங்கி வரும்போது, இப்போது காலரா உண்டா என்று தோழியிடம் கேட்டார். அதெல்லாம் இல்லை, எஸ்டேட்டில் ஆஸ்பத்திரி இருக்கிறது என்று அவள் அவசரமாகச் சொன்னாள். கடைவீதியில் லாட்ஜ் அறையில் புளிச்சோறு தின்று, எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தோம். தண்ணீர் ஐஸ் மாதிரி ஆகியிருந்தது. இருந்தாலும் அது எங்கள் ஊர்த் தண்ணீர்.

மறுநாள் காலை ராஜமலைக்குப் போனோம். வரையாடுகளுக்காகக் காட்டிலாகா காபந்து பண்ணி வைத்திருக்கிற மலை. புல்லும் பாறையும்தான், மரமே கிடையாது. மேகம் விலகியபோது ஆடுகள் தெரிந்தன. எங்கள் வெள்ளாடுகளைவிட உடம்பு தடித்தவை, பின்னால் வளைந்த கொம்பு. ஆளைக் கண்டு ஓடவில்லை. ஒன்று வந்து அப்பாவின் வேட்டி நுனியை மோந்து பார்த்தது. அப்பா கையை நீட்டாமல் நின்றார். ஆட்டை விலைக்கு வாங்கும் முன் பார்ப்பதுபோல அதன் பல்லையும் குளம்பையும் பார்வையாலேயே பார்த்துவிட்டார்.

காவலரிடம் கேட்டார், “பொழுது விழுந்தா இதுகளப் பட்டியில அடைக்கறது ஆருங்க?”

காவலர் மலையாளி, தமிழ் புரியும். யாரும் அடைப்பதில்லை என்று சிரித்தார். புலி இல்லையா என்று அப்பா கேட்டார். உண்டு என்றார் காவலர். மழைக்கு? மழையிலேயே நிற்கும். குட்டியை? அவர் கையைத் தூக்கி, செங்குத்தாக இறங்கும் பாறையைக் காட்டினார். நாங்கள் பார்க்கும்போதே ஒரு தாய் ஆடும் குட்டியும் அந்தப் பாறையில், பிடிமானம் என்று சொல்ல ஒன்றுமில்லாத இடத்தில், இறங்கிக்கொண்டிருந்தன. அப்பா அந்தக் குட்டி கீழே போய்ச் சேரும்வரை அங்கிருந்து நகரவில்லை.

மத்தியானம் மாட்டுப்பட்டிக்குப் போனோம். அணைக்கட்டின் தண்ணீரைவிட அப்பாவுக்கு மேட்டில் மேய்ந்த சீமைப் பசுக்கள்தான் முக்கியம். அவ்வளவு பெரிய மடியை அவர் கண்டதில்லை. ஆனால் திமில் இல்லாத மாட்டை அவரால் முழு மாடாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. “நொகத்தடிய எங்க வெக்கறது?” என்று இரண்டுமுறை கேட்டார். தோழி வாய்விட்டுச் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு நம்பிக்கை வந்தது. அணை ஓரத்துக் கடையில் தோழி மறுபடியும் டீ சொன்னாள். அப்பா மறுபடியும் வேண்டாம் என்றார். இந்த முறை அவள் ஒரு சமாதானமும் சொல்லிக்கொள்ளவில்லை. அப்பாவின் கையிலிருந்த போசியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒரு கிளாஸை மட்டும் வாங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று குடித்தாள்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சின்னக்கானலுக்கு பஸ்ஸில் போய், அங்கிருந்து தேயிலைக்கு நடுவே நடந்தோம். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளை அங்கே லயம் என்பார்கள். ஒரே கூரைக்கடியில் அடுத்தடுத்து வீடுகள். ஒரு அறை, ஒரு அடுக்களை. கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். மலை ஊற்றிலிருந்து வரும் தண்ணீர் அதில் நிற்காமல் விழுந்துகொண்டிருந்தது. தோழியின் அம்மா கொழுந்து கிள்ளுகிறவள். விரல் நுனிகளில் தேயிலைக் கறை ஏறிக் கறுத்திருந்தது. கணவர் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிய மடக்கு நாற்காலியை அப்பாவுக்குப் போட்டாள். நாங்கள் தரையில் உட்கார்ந்தோம். வாசலில் அண்டை வீட்டுப் பெண்கள் வந்து நின்றார்கள். வரப்போகிற டீச்சரைப் பார்க்க.

கண்ணாடிக் கிளாஸ்களில் டீ வந்தது. பால்விட்ட டீ. அந்த வீட்டில் மற்ற நாளெல்லாம் பாலில்லாத கட்டன்தான் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். அப்பா கிளாஸை வாங்கிப் பக்கத்தில் தரையில் வைத்தார்.

“குடிங்க அண்ணாச்சி. ஆறிப் போவும்.”

“இருக்கட்டுங்க.”

நானும் என் கிளாஸைக் கீழே வைத்தேன். தோழியின் அம்மா போசிகளைப் பார்த்தாள். குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

“எங்க கையால வாங்கிக் குடிக்க மனசு வரலையோ? எம்மவ ரெண்டு நாளா சொல்லுதா, பஸ் ஸ்டாண்டுல வேண்டாம்னாக, மாட்டுப்பட்டில வேண்டாம்னாகன்னு. நான்தான் அவள வைதேன், பெரிய மனுசரத் தப்பா பேசாதன்னு. வீட்டுலேருந்தே தண்ணியத் தூக்கிட்டு வந்திருக்கீயன்னு இப்பத்தான தெரியுது. பிள்ளைய இங்க விடப் போறீயளே, அவளும் தெனம் ஒங்க ஊருலேருந்து தண்ணி கொண்டாந்து குடிப்பாளோ?”

வாசலில் ஒருத்தி சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டாள். தோழி தலை குனிந்திருந்தாள். விடுதியில் நாங்கள் இருவரும் ஒரே தட்டில் தின்றிருக்கிறோம்.

அப்படியில்லை, இது எங்கள் வழக்கம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் மாட்டுக் கொட்டகையின் இறவாணத்தில், கூரை விளிம்புக்கடியில், சில அலுமினியக் குவளைகள் செருகியிருக்கும். அறுப்புக்கு வருகிறவர்கள் அவற்றை எடுத்து, அம்மா உயரத்திலிருந்து ஊற்றும் மோரைக் குடித்து, கழுவி, மறுபடியும் அங்கேயே செருகிவிட்டுப் போவார்கள். அந்தக் குவளைகள் என் கண்முன் வந்து நின்றன. வழக்கம் மட்டும்தான் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. தோழியின் அம்மா கேட்டதில் பாதி சரி.

அப்பாதான் பேசினார். நீளமாகப் பேசிப் பழக்கமில்லாதவர். தரையைப் பார்த்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“பொண்ணு குடுக்கற ஊட்ல பேச்சு முடியாம நாங்க கை நனைக்க மாட்டோமுங்க. எனக்கு இதும் அப்படித்தானுங்க. இன்னும் முடிவு பண்ணலீங்க. உங்க ஊட்ல குடிச்சுப்போட்டு, ஊருக்குப் போயி வேண்டாமுன்னு சொன்னா அது உங்களுக்கு மரியாதையில்லீங்க.”

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“அந்த வழக்கம் எங்களுக்கும் உண்டு. அப்பம் மாப்பிள்ளை வீடு நாங்கதான? கேக்க வேண்டியதக் கேளுங்க அண்ணாச்சி.”

வாசலில் இப்போது நிஜமாகவே சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. கேட்டார். பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், வழியில் ஆள் நடமாட்டம் உண்டா, மழைக்காலத்தில் பாதை என்னவாகும், காய்ச்சல் என்றால் யார் கூட இருப்பார்கள். அவள் எதையும் மெழுகிச் சொல்லவில்லை. மழையில் அட்டை கடிக்கும், மண் சரிந்தால் பஸ் வராது, காய்ச்சல் வந்தால் டிஸ்பென்சரிக்குத் தூக்கிப் போவோம் என்றாள். யானை வருமா என்று கேட்டபோது எழுந்து போய்க் கடைசி வீட்டைக் கை நீட்டிக் காட்டினாள்.

“வரும். போன மழைக்கு அந்தச் சுவத்தச் சாச்சிட்டுப் போச்சு. வராதுன்னு சொன்னா பொய்யாயிரும். நிக்குதுன்னு தெரிஞ்சா யாரும் வெளிய எறங்க மாட்டோம், பள்ளிக்கோடமும் கெடையாது. எம்மவள வச்சிருக்கிற மாதிரித்தான் வச்சிருப்பேன். அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியாது.”

அப்பா தலையசைத்தார். எழுந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். கும்பிட்டுவிட்டுக் கிளம்பும் நேரமும் அதுதான்.

“இப்பம் நான் ஒண்ணு கேக்கட்டா?” என்றாள் அவள். “பொண்ணு வீட்டுக்காரங்க மட்டுந்தான் கேக்கணும்னு இல்லையே. ஒங்க பிள்ள எங்க அடுக்களைல, எங்க கூட உக்காந்து திம்பாளா? இல்ல, தனியா வட்டில் வைக்கணுமா? தனியான்னா எங்க வீடு தோதுப்படாது.”

இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. ஊரில் அதைக் கேட்க யாருக்கும் துணிவு கிடையாது. அவர் என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன், பார்க்கவில்லை. வெளியே விழும் குழாயைப் பார்த்தார். டீயின்மேல் ஆடை படிந்து சுருங்கியிருந்தது.

அப்பா கிளாஸை எடுத்தார்.

“ஆறிப் போச்சே, வேற தாரேன்” என்று அவள் கை நீட்டினாள். அப்பா கிளாஸை விலக்கிப் பிடித்துக்கொண்டார். “இதே போதுமுங்க.”

எங்கள் வீட்டில் எல்லோரும் அண்ணாந்துதான் குடிப்போம். சொம்பின் விளிம்பு உதட்டில் படக்கூடாது. சின்ன வயசில் நான் உதட்டில் வைத்துக் குடித்ததற்காக அப்பா என்னைக் கிணற்றடிக்கு அனுப்பிச் சொம்பைப் புளி போட்டுத் தேய்க்க வைத்திருக்கிறார். உடுமலை ஸ்டாண்டில்கூடச் சூடான டீயைத் தூக்கி ஊற்றித்தான் குடித்தார். அந்த அப்பா, அன்றைக்கு, இரவல் நாற்காலியில் உட்கார்ந்து கிளாஸின் விளிம்பை உதட்டில் வைத்துக் குடித்தார். கடைசி வரை குடித்தார். ஆடை மீசையில் ஒட்டிக்கொண்டது. துண்டால் துடைத்துக்கொண்டார். நானும் என் கிளாஸை எடுத்துக் குடித்தேன். தோழி எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

கிளம்பும்போது அப்பா போசிகளில் மிஞ்சியிருந்த தண்ணீரை வாசலில் இருந்த செவ்வந்திச் செடிக்கு ஊற்றினார். குழாயடிக்குப் போய், ஒரு போசியை அலசி, நிரப்பி, மூடினார். ஊரில் அதை அம்மாவிடம் கொடுத்தார். அம்மாவுக்கு அதுவே போதும். லோட்டாவில் ஊற்றிக் குடித்துப் பார்த்தாள். “லேசாத்தான் இருக்குது” என்றாள். என் பெட்டியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள்.

நான் இங்கே வந்து மூன்று மழை போய்விட்டது. யானையைப் பார்த்தேன், அட்டைக்கடி பழகிவிட்டது. கொழுந்து கிள்ளுகிறவர்களின் பெண்கள் என் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள். ஒவ்வொருத்தியும் அவள் வீட்டில் முதல் ஆள். அப்பா வருஷத்துக்கு ஒருமுறை வருவார். வந்தால் அடுக்களையில் உட்கார்ந்து சாப்பிடுவார். பங்காளிகளிடம் அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. எங்கள் மாட்டுக் கொட்டகையின் இறவாணத்தில் அந்தக் குவளைகள் போன அறுப்புக்கும் அங்கேயேதான் செருகியிருந்தன. நான் எடுத்து உள்ளே கொண்டுபோனேன். மறுநாள் அவை அதே இடத்தில் இருந்தன. அம்மாவா, அப்பாவா என்று நான் கேட்கவில்லை. மறுபடியும் எடுப்பேன்.

இந்தப் பள்ளி விடுமுறைக்குத் தோழியும் அவள் அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அப்பாதான் கூப்பிட்டார். நேற்று அவள் அம்மா அடுப்படியில் எனக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டே சொன்னாள்: “ஒங்க ஊரப் பாத்து நாங்களும் ஒரு முடிவுக்கு வரணும்லா. அது வரைக்கும் கை நனைக்க மாட்டோம், பாத்துக்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.